நாலு மணி ஆங்கிலம்

டினை, ரெஃப்யூஸ் என்ற ஆங்கிலச் சொற்கள் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கோமு கேட்டபோது அவள் கை இன்னும் ஈரமாக இருந்தது. பாத்திரம் கழுவிவிட்டு நேரே வந்து உட்கார்ந்திருந்தாள்.

"தமிழ்ல ரெண்டுமே மறுக்கதுதான? பொறவு என்னத்துக்கு ரெண்டு?"

மதுமதி கொஞ்சம் யோசித்தாள். அவள் பக்கத்து வீட்டுப் பெண். பாளையங்கோட்டையில் ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்தாள். நம் மேல் ஒரு பழி சொல்கிறார்கள், நான் செய்யவில்லை என்றால் டினை. நமக்கு ஒன்றைத் தருகிறார்கள், வேண்டாம் என்றால் ரெஃப்யூஸ், என்று விளக்கினாள்.

"பால் பொங்கி வழிஞ்சதுக்கு நாந்தான் காரணம்னு அத்தை சொல்லுதாவ. நான் இல்லைங்கேன்."

"அது டினை, அக்கா."

"இன்னொண்ணுக்கு யாராவது எதையாவது தரணுமேட்டி. இந்த வீட்டுல அதுக்கு எங்க போக? அந்த ஒரு மார்க்கு போச்சுன்னு வச்சுக்க."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்த ஒரு மார்க்கும் கோமுவுக்கு வேண்டியிருந்தது.

அவள் கணவர் மகேஸ்வரன் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். தொண்ணூற்று மூன்று ஜனவரியில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கருணை அடிப்படையில் மனைவிக்கு வேலை உண்டு. மூன்று வருடத்துக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். கோமு பத்தாவதில் ஆங்கிலத்தில் தவறியவள். அந்தப் படிப்புக்கு அட்டெண்டர் வேலைதான் கிடைக்கும். கோமுவும் அவள் பிள்ளைகள் இரண்டும் கணவரின் அண்ணன் குமரகுருபரன் வீட்டில் இருந்தார்கள். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி கோப்பு பார்த்த இடத்தில் அவன் பெண்டாட்டி டம்ளர் கழுவினால் ஊரில் தலை காட்ட முடியாது, பத்தாவது பாஸ் செய்து எழுத்தராகப் போகட்டும் என்றார். அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு மதுமதி வந்தாள். மார்ச்சிலும் அக்டோபரிலும் கோமு பேட்டையில் இருந்த பரீட்சைப் பள்ளிக்கூடத்துக்குப் போய், தன்னில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். இருபத்தொன்பது, முப்பத்தொன்று, மறுபடி இருபத்தொன்பது. முப்பத்தைந்து மட்டும் வரவேயில்லை.

தொண்ணூற்று ஐந்து ஜூலையில் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அட்டெண்டர் இடம் ஒன்று காலியாகிறது, சம்மதமா என்று கேட்டிருந்தார்கள். கோமு அன்று பாடம் படிக்கவில்லை.

"போயிருதேன் மதுமதி. டம்ளர் கழுவுனா கழுவுதேன். இங்கன மட்டும் என்ன செய்யுதேனாம்?"

மூன்றாம் நாள் குமரகுருபரன் பதிலை ஆங்கிலத்தில் டைப் அடித்துக் கொண்டுவந்தார். எழுத்தர் வேலைக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன், கையெழுத்துப் போடு என்று பேனாவையும் திறந்து கொடுத்தார். நாலே வரி. மூன்றாவது வரியில் ரெஃப்யூஸ் என்ற அந்தச் சொல் இருந்தது. அவகாசத்தைப் பற்றி எதுவும் இல்லை.

"படிச்சேன். எல்லாம் வெளங்குச்சு. போட்டுட்டேன்" என்று மறுநாள் சொன்னாள்.

ஏன் என்று மதுமதி கேட்டாள்.

"மாடியில எம்பிள்ளைய ரெண்டும் படிச்சிக்கிட்டிருந்துச்சு. அது அத்தான் வீட்டு மாடி. ராதாபுரத்துல எங்க அண்ணன் வாசல்ல ரெண்டையும் கூட்டிட்டு நிக்க முடியுமா, சொல்லு."

அந்தச் சொல்லை மதுமதி கற்றுக்கொடுக்காமல் இருந்திருந்தால், தெரியாமல் போட்ட கையெழுத்து என்ற ஆறுதலாவது கோமுவுக்கு மிஞ்சியிருக்கும்.

அக்டோபர் பரீட்சையில் முப்பத்து மூன்று வந்தது. ஜனவரியில் மூன்று வருடம் முடிந்தது. அதற்கப்புறம் ஒரு சாயங்காலம், இனி நான் வர வேண்டியிருக்காது, இல்லையா அக்கா, என்று மதுமதி தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

கோமு அடுக்களைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ வாட்டி. முதல்ல பாஸ் பண்ணட்டும்னுதான் அத்தான் இன்னும் சொல்லுதாவ. ஒண்ணும் சொல்லித் தர வேண்டாம். புஸ்தகத்தைத் திறந்து வச்சிக்கிட்டு சும்மா இரு. இந்த ஒரு மணி நேரந்தான் என்னைய யாரும் கூப்பிடுததில்ல."