மாப்பிள்ளை விழுந்துவிட்டார்

அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, புதிதாகத் திறந்த கிளை நூலகத்துக்கு ரூட்டர் அமைத்தது. இருவருக்கும் ஒரே தொழில். நகர நூலகங்களை இணைக்கும் நெட்வொர்க் அம்மாவின் பொறுப்பு. மகள் வேறொரு நிறுவனத்தில் அதே வேலை பார்த்தாள். அன்று விடுமுறை என்பதால் கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்தாள். போடவேண்டிய எண்களை அம்மா வாசித்தாள், மகள் கணினியில் தட்டினாள்.

"மெதுவாடி. ஒரு எண் தப்பினாலும் ஆள் வேற ஊருக்குப் போயிடுவார்."

"தெரியும்மா. எனக்கும் இதுதான் சோறு போடுது."

"உனக்குச் சோறு போட்டது நான். இது இப்பதான் போடுது."

கண்காணிப்புத் திரையில் பச்சைப் புள்ளி எரிந்தது. மகள் சேமிக்கப் போனாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். சேமிக்காதவரை, ஏதாவது கோளாறானால் மின்சாரத்தை அணைத்தால் போதும், தட்டியதெல்லாம் அழிந்து பெட்டி பழையபடி ஆகிவிடும்.

"முதல்ல குணம் பார்க்கணும். நாளைக்கு வந்து நானே பேர் வெச்சு, சேமிச்சுட்டு வரேன். அதுவரைக்கும் ‘பேர் வைக்காதவர்’னு இருக்கட்டும்."

பேர் விஷயத்தில் அம்மா கறார். ஒவ்வொரு ரூட்டருக்கும் குணம் பார்த்து, உறவுமுறையில்தான் வைப்பாள். தலைமை நூலகத்தில் இருப்பது தாத்தா: நிதானம், ஆனால் எதற்கும் அசையாது. குழந்தைகள் பிரிவில் சித்தி: ஒன்றுமில்லாததற்கெல்லாம் செய்தி அனுப்பும். ஆற்றோரக் கிளையில் மாப்பிள்ளை: அமைப்பில் எதையாவது மாற்றினால் போதும், முறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

"நிஜ மாப்பிள்ளை கேட்டா என்ன நினைப்பாரும்மா?"

"அவருக்கு முறுக்கவே தெரியலையே. அந்தக் குறையை இது தீர்க்குது."

சில வருடங்களுக்கு முன் ஒருமுறை, ரூட்டர் நின்றுபோனால், அதாவது ‘விழுந்தால்’, எச்சரிக்கை போகவேண்டிய போன் எண்ணை மாற்றும்போது, அம்மா கைதவறித் தன் அக்காவின் எண்ணைப் போட்டுவிட்டாள். மறுநாள் காலை மகள் வீட்டு அழைப்பு மணி விடாமல் அலறியது. கதவைத் திறந்த கணவரின் முகத்தில் பாதிச் சவரம், மீதி நுரை. வெளியே பெரியம்மா, மூச்சு வாங்க, கையில் ஒத்தடப் பையோடு.

"விழுந்துட்டீங்களாமே மாப்பிள்ளே! அடி எங்க?"

"நானா? எப்போ?"

அவள் போனை நீட்டினாள். ‘மாப்பிள்ளை விழுந்துவிட்டார். காரணம் தெரியவில்லை.’

எதற்கும் இருக்கட்டும் என்று அவர் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் போன் மறுபடி கிணுகிணுத்தது. ‘மாப்பிள்ளை எழுந்துவிட்டார். நாற்பது பேர் இணைப்பில்.’

பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு மாப்பிள்ளே அந்த நாற்பது பேர்?"

மகள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அம்மா சரியான எண்ணைச் சேர்த்தாள். அக்காவின் எண்ணை மட்டும் எடுக்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டும். என்னைவிட அவதான் கவனமாப் பார்க்கிறா." அன்றுமுதல் வீட்டில் கணவர் படுக்கையைவிட்டு வரும்போதெல்லாம் அறிவிப்பார்: "மாப்பிள்ளை எழுந்துவிட்டார். ஒருத்தர் இணைப்பில். காபி இருக்கா?"

புது ரூட்டர் வைத்த மறுநாள் அம்மா போகவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் புதுக் கிளையின் நூலகர் மகளைப் போனில் கூப்பிட்டார். மறுநாள் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துகிறார்களாம். "அம்மா சேமிக்க வரேன்னு சொல்லியிருந்தாங்க. அதான்..."

சேமிக்காவிட்டால் அன்று இருவரும் தட்டியது அத்தனையும் போகும். மறுபடி தட்டிவிடலாம், பெரிய வேலையில்லை. வாசிக்க அம்மா இருக்கமாட்டாள்.

மகள் அன்றே கணவரோடு போனாள். பதிவுகளைப் பார்த்தாள். புது ரூட்டர் ஒருமுறைகூட விழவில்லை, வாயையும் அனாவசியமாகத் திறக்கவில்லை. ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். சேமித்தாள்.

"பேர்?" என்றார் கணவர். "பேசாம அத்தைன்னு வெச்சிடேன். என்னைக்காவது நம்ம சொல்றதைக் கேட்டிருக்காங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. ஆனால் பேரை மாற்றவில்லை.

மறுநாள் மின்சாரம் போய் வந்ததும் பெரியம்மா போனில் வந்தாள்.

"ஏண்டி, யாரோ பேர் வைக்காதவர் விழுந்து, எழுந்துட்டாராமே. யாருடி அது? நம்ம பக்கமா, மாப்பிள்ளை பக்கமா?"

"நம்ம பக்கம்தான் பெரியம்மா. நல்லா இருக்கார்."

"இன்னுமா பேர் வைக்கலை?"

"அம்மாதான் வந்து வைக்கிறேன்னு சொன்னா."