வாத்தில் போகாத பன்னிரண்டு நாள்

மகளுக்கு அப்போது இரண்டு வயது நான்கு மாதம். டயப்பரை நிறுத்தி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சேலத்தில் எங்கள் வீட்டில் அவளுக்கென்று வாத்து வடிவத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் இருக்கை ஒன்று வாங்கியிருந்தோம். நடுவில் குழிவான கிண்ணம் இருக்கும். எடுத்துக் கழுவிக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்குவதற்கு முன்பும் அதில் உட்கார வைப்போம். வைப்போம் என்று எழுதுகிறேனே தவிர, வைத்தது மனைவிதான். நான் கிண்ணம் கழுவியிருக்கிறேன்.

மனைவிக்கு நர்ஸ் வேலை. ராயபுரத்தில் ஒரு மருத்துவமனையில் அவளுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி வந்தது. விம்கோ நகரில் என் அக்கா வீடு இருக்கிறது. அங்கே மூன்று பேரும் தங்குவது, பகலில் குழந்தையை நான் பார்த்துக்கொள்வது, ஆபீஸ் வேலையை லேப்டாப்பில் செய்வது என்று முடிவாயிற்று.

சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவுக்குப் போனபோது வாத்து இருந்த பையை ஸ்கேன் மெஷினில் வைத்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் பையைத் திறக்கச் சொன்னார். வாத்தை வெளியே எடுத்ததும் என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

சொன்னேன். "ஊர்லேர்ந்து தூக்கினு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னார். கொண்டுவந்தது சரியா தவறா என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது.

அக்கா வீடு முதல் மாடி. அக்காவும் மாமாவும் காலை எட்டு மணிக்குள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். மாமாவுக்கு எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட். மனைவி அதற்கும் முன்பே, ஏழு மணி மின்சார ரயிலுக்குப் போய்விடுவாள். போவதற்கு முன் பாதித் தூக்கத்தில் இருக்கும் குழந்தையைத் தூக்கிப் பாத்ரூமில் நிறுத்தி ஒன்றுக்குப் போக வைத்துவிடுவாள். அதன்பின் மாலை ஏழு வரை என் பொறுப்பு.

ஒரு தாளில் நேரங்களை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள். எட்டரை, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. கீழே ஒரு குறிப்பு: 'வருதான்னு கேக்காதீங்க. வேணாம்னுதான் சொல்லுவா. உக்கார வைங்க.'

உட்கார வைத்தேன். முதல் நாள் ஐந்து முறையும் வாத்தில் ஒழுங்காக உட்கார்ந்தாள், கதை கேட்டாள், எழுந்தாள். கிண்ணம் காய்ந்தே இருந்தது. எழுந்து இரண்டு நிமிஷத்தில் அக்காவின் பாயில் போனாள். அடுத்து டிவி முன்னால். மூன்றாவது தடவை, வேலைக்குப் போய்த் திரும்பிய அக்காவின் மடியில்.

"தண்ணி உட்டுட்டியா, குட்டி?" என்று அக்கா சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் புடவை மாற்றப் போனாள். "புது எடம்டா. ரெண்டு நாள் அப்படித்தான் இருக்கும். தொடச்சா போச்சு."

இரண்டாம் நாளும் தரை துடைத்தேன். மூன்றாம் நாள் துடைக்க ஒன்றுமே இல்லை. மத்தியானம் வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன். ஜட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், ஈரமில்லை. வாத்தைப் பார்த்தேன், அதிலும் ஈரமில்லை. சந்தோஷம் அங்கே கொஞ்சம் இடித்தது.

மனைவி இடைவேளையில் போன் செய்தாள்.

"எத்தனை தடவ போனா?"

"எங்கயும் போகல."

"எங்கயும்னா?"

"வாத்துலயும் போகல, கீழயும் போகல."

"அடக்கி வைக்கிறாளோ என்னவோ. அடக்கக் கூடாதுங்க, இன்ஃபெக்‌ஷன் வந்துடும். தண்ணி நெறைய குடுங்க" என்றாள்.

தண்ணீர் கொடுப்பதில் சிரமமே இல்லை. அவளே கேட்டாள். அரை மணிக்கு ஒரு முறை என் சட்டையை இழுத்து, "அப்பா, தண்ணி" என்பாள். டம்ளரில் கொடுப்பேன். இரண்டு வாய் குடித்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். இன்னும் வேண்டும்போல என்று மறுபடி கொடுப்பேன். இளநீர் வாங்கிக் கொடுத்தேன், தர்பூசணி அறுத்துக் கொடுத்தேன். அவ்வளவும் எங்கே போகிறது என்று புரியவில்லை. மாலையில் அம்மா வந்து தூக்கிப் போனதும் கொஞ்சம் போனாள். நாள் முழுக்க அடக்கியவள் இவ்வளவுதான் போவாளா என்று மனைவியும் குழம்பினாள். நான்காம் நாளும் இதேபோலத்தான்.

அந்த இரண்டு நாளும் குழந்தை என் கண்ணில் படாமல் இருந்த நேரம் என்று எதுவும் இல்லை என்றே நினைத்திருந்தேன். உண்மையில் இருந்தது. காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் எனக்கு ஆபீஸ் அழைப்புகள் வரும். மாடியில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். குழந்தையோடு இறங்கிப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவேன். கீழ் வீட்டில் இருந்த அம்மா காலையில் வாசலில் இட்லிக் கடை போடுகிறவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். பத்து மணிக்குக் கடை முடிந்து பின்பக்கம் பாத்திரம் தேய்ப்பார். நாலு மணிக்கு மாவு ஆட்ட அரிசி கழுவுவார். குழந்தை அவர் பக்கத்தில் போய் நிற்கும். அவர் பேச்சும் அவள் சிரிப்பும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். கேட்டால் பார்த்த மாதிரிதானே என்று இருந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை ஷேர் ஆட்டோவில் தேரடிப் பக்கம் ஒரு குழந்தை மருத்துவரிடம் போனேன். டாக்டர் அம்மா அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். மகளுக்குக் கூச்சமாகிச் சிரித்தாள்.

"வயிறு மெத்துன்னுதான் இருக்கு. அடக்கி வச்ச குழந்தை மாதிரி தெரியல. பகல்ல யார் பாத்துக்கறாங்க?"

"நான்தான் டாக்டர்."

"நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான்."

அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. எதற்கும் யூரின் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். இரண்டு நாளாக ஒரு சொட்டுக்கூட என்னிடம் காட்டாத குழந்தையிடமிருந்து இதை எப்படி நிரப்புவது? நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஆட்டோ நகரவில்லை. மடியில் இருந்தவள் "தண்ணி" என்றாள். பாட்டிலைக் கொடுத்தேன். தட்டிவிட்டாள்.

வீட்டு வாசலில் இறங்கியபோது கீழ் வீட்டம்மா குண்டானைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா தம்பி, காலைலயே கொயந்தய இஸ்துகினு எங்க போயிட்டு வர?"

"டாக்டர்கிட்டம்மா. ரெண்டு நாளா பகல்ல ஒண்ணுக்கே போக மாட்டேங்குறா."

"யாரு, இதுவா?" என்று என் இடுப்பில் இருந்தவளைக் காட்டினார். "பத்து மணிக்கு ஒருவாட்டி, நாலு மணிக்கு ஒருவாட்டி இங்கதான போயிகினு கீது."

"இங்கன்னா எங்க?" என்று கேட்டேன்.

பின்பக்கம் குழாயடியைக் காட்டினார். சிமென்ட் தளம், ஓரத்தில் தண்ணீர் போகிற வழி. "தண்ணின்னு வந்து நின்னுச்சு. நானும் சொம்புல மொண்டு குட்த்தேன். குடிக்காம ஜட்டியப் புட்ச்சிகினு நின்னுச்சு. சர்தான்னு அங்க குந்த வெச்சேன். போச்சு. அத்தோட தெனம் வருது."

"தண்ணின்னா அதுவா?"

"அப்றம் இன்னா? உன்னாண்ட சொல்லலியா?"

சொல்லியிருக்கிறாள். அரை மணிக்கு ஒரு முறை சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டில் அதற்குச் 'சூச்சூ' என்று பெயர். அக்கா முதல் நாள் தண்ணி விட்டுட்டியா என்று கேட்டதிலிருந்து பிடித்துக்கொண்டாளோ, வேறு எங்கிருந்தோ, தெரியவில்லை. அவள் போக வேண்டும் என்று சொல்லச் சொல்ல, நான் மேலும் மேலும் குடிக்கக் கொடுத்திருக்கிறேன்.

"ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். குரலில் கொஞ்சம் கோபம் இருந்திருக்கும்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இதுல சொல்றதுக்கு இன்னா கீது? கொயந்த ஒண்ணுக்குப் போச்சுன்னு மாடியேறி வந்து சொல்வாங்களா?" என்றார். அப்புறம் சட்டைப் பையைப் பார்த்து, "அது இன்னா டப்பா?" என்று கேட்டார்.

சொன்னதும் வாங்கிக்கொண்டார். குழந்தையை இறக்கிக் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிப்போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, டப்பாவை மூடி, வெளிப்பக்கத்தைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. "தேங்க்ஸ்மா" என்றேன். டெஸ்டில் குறை எதுவும் இல்லை.

மாலையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். "நேத்து எங்கிட்டயும் தண்ணின்னுதாங்க சொன்னா. நானும் டம்ளர்லதான் குடுத்தேன்" என்றாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மிச்சமிருந்த நாட்களில் அவள் தண்ணி என்றதும் பாத்ரூமுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதி நேரம் உண்மையிலேயே தாகமாக இருந்திருக்கிறது, அழுதாள். போக வேண்டியிருந்த நேரங்களிலும் பகலில் மாடியில் போகவில்லை. குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்தேன். தரையில் குந்த வைத்துப் பார்த்தேன். கீழே மட்டும்தான் போனாள். அந்த இடத்தில் அவளுக்கு என்ன பிடித்திருந்தது என்று கீழ் வீட்டம்மாவிடமே கேட்டேன். "எனுக்கு இன்னா தெரியும் நைனா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எண்ணூரில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். பின்பக்கக் கேட் பூட்டியிருந்தது. குழந்தை பூட்டைத் தொட்டுப் பார்த்தாள், கேட்டைத் தட்டினாள். நான் தூக்கிக்கொண்டு மாடியேறுவதற்குள் படிக்கட்டிலேயே போய்விட்டாள். அந்தப் பன்னிரண்டு நாளில் அதற்காக அவள் அழுதது அன்றுதான். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து படிகளைக் கழுவினேன். அவளும் ஒரு கப்பால் ஊற்றினாள். நனைந்திருந்த ஐந்து படிகளையும் மேலிருந்து கீழாகக் கழுவி முடிக்கும்போது அழுகை நின்றிருந்தது.

ஊர் திரும்பும் ரயிலில் மனைவி டயப்பர் போட்டுவிட்டாள். சேலம் வந்து மறுபடி பழக இன்னும் மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது அவளுக்கு நாலு வயது. தானே போகிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள், நாங்கள் உள்ளே வரக் கூடாது. சென்ற மாதம் ஒருநாள், அத்தை வீடு ஞாபகம் இருக்கா என்று கேட்டேன்.

"இருக்கு. அங்க ஒரு கறுப்பு நாய் இருந்துச்சு" என்றாள்.

அக்காவுக்கு போன் செய்து விசாரித்தேன். அவர்கள் தெருவிலேயே கறுப்பு நாய் எதுவும் கிடையாது என்றாள்.