தாய்மாமன் இருட்டில் வருகிறார்

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு வீடியோ கடை. என் வீட்டுக்காரர் படம் பிடிப்பார்; நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவேன். வருஷம் முழுக்க ஊரார் பந்தியில் பாயசம் குடிப்பதையே பார்த்து அலுத்துப்போன ஒரு மத்தியானம், போனில் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் தட்டுப்பட்டது.

கொலைக் கதை. வந்தபோது ஓடவில்லையாம். ஓடியிருந்தால்தான் ஆச்சரியம். மெட்ராஸ் வெயிலில் ஆளாளுக்குக் கோட்டும் தொப்பியும். ஆனால் கொலைகாரன் மாடிப்படியில் இறங்கும்போது முகத்தைக் காட்டவில்லை. ஜன்னல் கம்பியின் நிழல் அவன்மேல் வரிவரியாக விழுகிறது. இன்னும் பிடிபடவே இல்லை, அதற்குள் ஜெயிலில் நிற்கிறான். எனக்குச் சிலிர்த்துவிட்டது. பிறகு எரிச்சல். நான் விசிலடித்துப் பார்த்த ஒரு பெரிய டைரக்டர் இந்தப் படிக்கட்டை அப்படியே தூக்கியிருந்தார். இன்னொருவர் கம்பி நிழலுக்குக் கலர் பூசி விருதே வாங்கிவிட்டார். பழைய படத்தை எடுத்த ஆளின் பேரை ஒருத்தரும் சொல்லவில்லை.

“எல்லாரும் எடுத்திருக்காங்க. நாமளும் எடுப்போம், திருச்சுழி காதுகுத்துல” என்றேன்.

“காதுகுத்துல யாரடி கொல்றது?” என்றார் வீட்டுக்காரர். ஆனாலும் சம்மதித்தார்.

மண்டபத்தில் டியூப்லைட்டுகளை அணைத்து, ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தேன். பிள்ளையின் தாய்மாமன் சீரோடு வந்தார். பெரிய மீசை, பாதி முகம் இருட்டு, மேலெல்லாம் கம்பி நிழல். பின்னால் சீர்க்கிடா. அதன் கண் மட்டும் மின்னியது. நானே கொஞ்சம் பயந்துபோனேன்.

படத்தை அவர்கள் வீட்டு டிவியில் போட்டதும் பிள்ளையின் அம்மா கத்தினாள். “எங்கண்ணன் சீர் செய்ய வந்துச்சா, ஆள வெட்ட வந்துச்சா?”

“எம் பட்டுச்சேல எங்க?” என்றாள் அவள் நாத்தனார். சேலை மொத்தமும் இருட்டில் இருந்தது. திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, முடிந்தவரை வெளிச்சமாக்கி, பாட்டுப் போட்டுக் கொடுத்தேன்.

பத்து நாள் போயிருக்கும். தாய்மாமன் கடை வாசலில் வந்து நின்றார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று வீட்டுக்காரர் கேமராவை உள்ளே கொண்டுபோனார்.

“அந்த இருட்டுப் படம் அழிச்சாச்சா?” என்று தாய்மாமன் மெதுவாகக் கேட்டார். போட்டுக் காட்டினேன். வாய் பிளந்து பார்த்தார். “எம் பொண்டாட்டி என்னைய ஒரு ஆளாவே மதிக்கிறதில்ல, தாயி. இத என் போனுல ஏத்திவிடு.”

அவர் அதை ஸ்டேட்டஸில் வைத்தார். அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்துத் தாய்மாமன்கள் எல்லாருக்கும் இருட்டு வேண்டியதாயிற்று. சீக்கிரமே காரியாபட்டியில் வீடியோ எடுக்கிற ஒரு தம்பி அதையே எடுத்து, ‘முதன்முறையாக’ என்று போர்டும் வைத்தான். போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அவன் அசரவில்லை. கடைசியில், இதற்கெல்லாம் மூலம் எது என்று தெரிந்துகொள் என்று பழைய படத்தை அனுப்பினேன்.

மறுநாள் காலை கூப்பிட்டான். “பாத்தேங்க்கா. என்னக்கா இந்த ஆளு, நம்ம எல்லாத்தையும் பாத்துக் காப்பியடிச்சிருக்கான்!”

விளக்க ஆரம்பித்தேன். அவன் இடையில் புகுந்து, முகூர்த்தத்துக்கு லைட் ஸ்டாண்டு இரவல் கிடைக்குமா என்று கேட்டான். வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.