தொண்ணூறு அடி ஆழத்தில் கேட்கக்கூடாத கேள்வி

போன மாதம் பாண்டிச்சேரி கடலில் நான் ஃபெயில் ஆனேன்.

நீச்சல் தெரியாமல் அல்ல. பயந்துபோயும் அல்ல. மரியாதை கொஞ்சம் கூடிப்போய்விட்டது... அவ்வளவுதான்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் ஸ்கூபா பைத்தியம் தெரியும். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் போய் மீன் பார்க்கிற சமாச்சாரம். அடிப்படை கோர்ஸை இரண்டு வருடம் முன்பே முடித்துவிட்டேன். அடுத்தது அட்வான்ஸ்டு. மொத்தம் ஐந்து டைவ். அதில் ஒன்று தொண்ணூறு அடி ஆழத்துக்கு. போன வருடம் அந்த ஆழ டைவில்தான் காது வலி தாங்காமல் பாதியில் மேலே வந்தேன். கார்டு கிடைக்கவில்லை.

கோவை துடியலூரில் எங்கள் அபார்ட்மென்டே அந்தக் காதை நலம் விசாரித்தது. "காது வலிச்சா டாக்டர்கிட்ட போலாமுங்க அண்ணி... கடல்ல போயி என்ன பண்றீங்க?" என்றாள் என் நாத்தனார். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதுதான் கடுப்பு.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. கல்யாணத்துக்குப் பிறகு நான் ஃபெயிலான முதல் பரீட்சை இது. ரேஷன் கார்டு, ஆதார் கார்டு வரிசையில், என் படத்தோடு 'அட்வான்ஸ்டு' என்று போட்ட ஒரு கார்டும் வேண்டும் என்று ஆசை. ரொம்ப ஆசை. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

ஆக, இரண்டாவது முயற்சி. காலை ஆறு மணிக்குப் படகுத்துறை. டைவ் சொல்லித்தரும் ஜெனிட்டா தூத்துக்குடிப் பெண். இருபத்தாறு வயதிருந்தால் அதிகம். "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டேன். "டைவ் முடிச்சிட்டுத்தான் மேடம்" என்று சொல்லிவிட்டு சிலிண்டர் தூக்கப் போய்விட்டாள். வெறும் வயிற்றோடு ஒரு பிள்ளை சிலிண்டர் தூக்குகிறது. துணைக்குப் படகில் வந்த எங்கள் வீட்டுக்காரர் மடியில் எட்டு இட்லியோடு டிபன் பாக்ஸ் இருக்கிறது. எனக்கு மனசே ஆறவில்லை.

இறங்கினோம். காது இந்த முறை சமர்த்தாக இருந்தது. தொண்ணூறு அடி! அந்த ஆழத்தில் ஒரு விசித்திரம் உண்டு. நாம் இழுக்கிற காற்றே லேசாகப் போதை ஏற்றும். தலை தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, ஸ்லேட்டில் கூட்டல் கணக்கு போடச் சொல்வார்கள். போட்டேன். சரியாகவே போட்டேன். ஜெனிட்டா விரலை வட்டமாக வளைத்து "ஓகேவா?" என்று கேட்டாள். நானும் "ஓகே" காட்டினேன்.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.

கோயமுத்தூர்க்காரி எப்படி நிறுத்துவாள்? ஒருத்தர் நம்மை விசாரித்தால் பதிலுக்கு நாமும் ஒன்று கேட்க வேண்டாமா? அவளைக் கை காட்டினேன். பிறகு ஐந்து விரலையும் குவித்து என் வாயருகே கொண்டுபோனேன் — பசிக்குதா கண்ணு?

கடலுக்கடியில் அந்தச் சைகைக்கு ஒரே அர்த்தம்தான். "எனக்குக் காற்று கொடு." முதல் நாள் வகுப்பில் நானே நோட்டில் எழுதிக்கொண்ட பாடம்.

அடுத்த நொடி அவள் சிலிண்டரிலிருந்து வரும் உபரி மவுத்பீஸ் என் வாயில் இருந்தது. அவள் கை என் ஜாக்கெட் பட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். புரியவைக்க வேண்டுமே என்று வயிற்றைத் தட்டிக் காட்டினேன். மறுபடி அவளைக் காட்டி, வாயைக் காட்டி... அவள் என் மீட்டரைப் பார்த்தாள். காற்று பாதிக்கு மேல் இருக்கிறது. காற்று இருந்தும் காற்று கேட்கிறாள் என்றால்? போதை தலைக்கேறிவிட்டது என்றுதானே நினைப்பாள்!

கட்டை விரலை உயர்த்தினாள். நம் ஊரில் அது "சூப்பர்". கடலில் அது "மேலே போ". டைவ் முடிந்தது.

மேலே வருகிற வழியில், பாதுகாப்புக்காகப் பதினைந்து அடியில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிஷமும் மாஸ்க்குக்குள் அழுதேன். இந்த வருடமும் போச்சு.

படகில் ஏறியதும் வீட்டுக்காரர், "ஏனம்மணி, அதுக்குள்ள வந்துட்டே? மறுக்கா காதா?" என்றார்.

"காதில்லீங்க... கை" என்று நடந்ததைச் சொன்னேன்.

"சாப்பிட்டியான்னா கேட்டீய? எனக்கு உசுரே போயிட்டும்மா!" என்றாள் ஜெனிட்டா. மேடம் அம்மாவாகிவிட்டது. இட்லியைக் கையில் கொடுத்தால், முதலில் என் மீட்டரை இன்னொரு தடவை பார்க்கிறாள். அப்புறம்தான் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்தவே முடியவில்லை. டைவ் ஏன் பாதியில் முடிந்தது என்று லாக்புக்கில் எழுத வேண்டுமாம். ரொம்ப நேரம் யோசித்து, "கம்யூனிகேஷன் பிராப்ளம்" என்று எழுதினாள்.

"இருபத்தஞ்சு வருசமா நானும் அதைத்தானுங்க சொல்றேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

மறுநாள் காலை கையைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பாஸ்! கார்டும் வந்துவிட்டது. நாத்தனாருக்கு வாட்ஸ்அப்பில் படம் போயாயிற்று.

ஆனால் ஒன்று மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. உக்கடத்தில் பஸ் ஏறுவதற்குள் நாலு பேரிடம் "சாப்டாச்சுங்களா?" என்று கேட்டுவிடுகிறோம். "ஆச்சுங்க" என்பார்கள். பதில் காதில் விழுவதற்குள் நாம் படியேறியிருப்போம். இந்தப் பெண், என் கை வாயருகே போன நொடியில், ஏன் எதற்கு என்று யோசிக்காமல் தன் காற்றை எடுத்து என் வாயில் வைத்தாள். அவளுக்கும் அதே தொண்ணூறு அடிதான். அவள் முதுகிலும் ஒரே ஒரு சிலிண்டர்தான்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இனிமேல் கேட்டால் பதிலுக்கு நிற்பது என்று முடிவு செய்தேன்.

நேற்று மத்தியானம் மூன்று மணிக்கு, எங்கள் லிஃப்ட்டைச் சரிசெய்ய வந்தவரிடம் கேட்டேன். கேட்டுவிட்டு, நின்றேன். அவர் ஆச்சரியமாக என்னைப் பார்த்து, "இன்னும் இல்லீங்க" என்றார்.

வீட்டில் சோறு தீர்ந்துவிட்டது. ஆனால் கேட்டாயிற்றே! "அஞ்சே நிமிசமுங்க... உப்புமா கிண்டிப்போடறேன்" என்றேன்.

"ஐயோ, சாப்பிட்டாச்சுங்க!" என்றார்.