உல்சேன், எல்சான், இல்சன்: நைனா தேடிய ஊர்

எங்கள் நைனாவின் நினைவு ஆராதனைக்கு இந்த வெயிலிலும் சித்தூர், திருப்பதி, நாயுடுபேட்டை என்று பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் உங்கள் எல்லோரையும் வணங்கி, மூத்த மகளாகிய நான் இதை எழுதுகிறேன். நைனாவை வாத்தியாராக அறிந்தவர்கள் உங்களில் பலர். ஆனால் அவரை வாழ்நாளெல்லாம் அரித்த ஒரு கவலையை அறிந்தவர்கள் சிலரே. அதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அம்மா விரும்புகிறார்.

நைனா பிறந்தது புத்தூரில். அவரைப் பெற்ற தாயார் இந்தப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். தகப்பனார் ஜெர்மானியர், மிஷனின் கட்டட வேலைக்காக வந்து, நாம் இன்று கூடியிருக்கும் இந்தக் கோயிலைக் கட்டியவர். நைனா கைக்குழந்தையாக இருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன்காரர்களைச் சர்க்கார் காவலில் வைத்து, பிறகு கப்பலேற்றி அனுப்பியது. பிள்ளை பெற்ற பலவீனத்தில் தாயாரால் எழுந்து நடக்கவே முடியவில்லை. நாலு வயது மூத்த மகனோ தகப்பனாரின் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மறுத்தான். "சண்டை முடிஞ்சதும் ரெண்டு பேரும் வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுத் தகப்பனார், அதாவது எங்கள் தாத்தா, அவனையும் தூக்கிக்கொண்டு போனார். போனவர்கள் வரவில்லை. கடிதமும் வரவில்லை.

மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்த நைனா, ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது தாயாரையும் இழந்தார். "உனக்கு ஒரு அண்ணன் இருக்கான். அவனைத் தேடாம விட்டுடாதே" என்று சொல்லித்தான் அவர் கண்மூடினார்.

நைனா இங்கேயே பள்ளி ஆசிரியரானார். தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலும் தெலுங்குப் பிள்ளைக்குத் தெலுங்கிலும் ஒரே கணக்கை இருமுறை போட்டுக் காட்டுவார். யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. ஹாஸ்டலில் ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தால் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு அவரும் படுத்துவிடுவார். பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல் வளர்ந்த பயம் அவரைவிட்டுப் போகவே இல்லை.

அண்ணனைத் தேட அவரிடம் இருந்தது ஓர் ஊர்ப்பெயர் மட்டுமே. இந்தக் கோயிலின் வாசல் கல்லில் கட்டியவரின் பெயரும், "உல்சேன் ஊரார்" என்ற சொற்களும் வெட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஊர்ச் சபைக்கு நைனா கடிதம் போட்டார். அப்படி ஓர் ஊரே இல்லை என்று திரும்பி வந்தது. தாத்தாவை அறிந்திருந்த ஒரு தெலுங்குப் போதகர், "உல்சேன் காதய்யா, எல்சான்" என்று திருத்தினார். அதுவும் திரும்பியது. தலைமையாசிரியர் ஆங்கிலத்தில் இல்சன் என்று எழுதிக்கொடுத்தார். அது திரும்பக்கூட இல்லை. தபால்காரர் வரும் நேரம் நைனாவுக்குச் சோறு இறங்காது. இரண்டாம் உலகப் போரில் அண்ணன் மாண்டிருந்தால்? உயிரோடிருந்தும் நம்மை மறந்திருந்தால்? இதையே கேட்டுக்கேட்டு அவர் இளைத்துப்போனார்.

அப்போது ஆந்திரா பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்ற பேச்சு எங்கும் மூண்டிருந்தது. அம்மாவுக்கு அது ஒரு தனிப் பயம். "தமிழ் ஆளா, தெலுங்கு ஆளான்னு ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கினு இருக்கிறாங்க. இந்த நேரத்துல ஜெர்மன்ல அண்ணன் இருக்காருன்னு எழுதிக்கினு இருந்தா வேலையில வெச்சிருப்பாங்களா?" என்று தடுத்தார்.

"வேலை போனா வேற பாத்துக்கலாம். அண்ணனுக்கு ஏதாவது ஆயிட்டா இன்னா பண்ணுவேன்?" என்றார் நைனா.

எல்லை விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது, இரு மொழியும் தெரிந்தவர் என்று நைனாவை அழைத்துப்போனார்கள். நகரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அதிகாரிகள் பட்டியலிலிருந்து வாசித்த ஊர்ப்பெயர்களைக் கேட்டு ஜனங்கள் கலங்கிவிட்டார்கள். "எங்க ஊர் பேரே இதுல இல்லியே! எங்கள எந்தப் பக்கம் தள்ளப் போறீங்க?" என்று கூச்சல் போட்டார்கள். பெயர் இருக்கத்தான் இருந்தது. தமிழ்ப் பெயர் தெலுங்குக்குப் போய், அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், திரும்பத் தமிழில் வாசித்தபோது ஊர்க்காரர்களுக்கே அடையாளம் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நைனா சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "எழுத்தை நம்பி ஏமாந்துட்டேன். எங்கம்மா வாயால சொன்னதை விட்டுட்டேன்" என்றார். சின்ன வயதில் தாயார் அந்தப் பெயரைச் சொல்லப் பழக்கியிருக்கிறார்: "'உ'ன்னு உதட்டைக் குவிச்சிக்கோ. அப்படியே வெச்சிக்கினு 'இ'ன்னு சொல்லு." அந்த ஒலிக்கு நம் மொழிகளில் எழுத்தே இல்லை. அதனால்தான் ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டார்கள்.

சித்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஜெர்மன் நர்சம்மா ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டு நைனா பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். அவர் உதட்டைக் குவித்துப் பெயரைச் சொன்னார். முதல் தடவை நர்சம்மாவுக்கு விளங்கவில்லை. நைனா உதட்டை இன்னும் குவித்துக்கொண்டார். திரும்பச் சொன்னார். நர்சம்மா சட்டென்று எழுந்து, "தெலுசு! நாக்கு தெலுசு!" என்று, தனக்குத் தெரியும் என்பதைத் தெலுங்கில் கூவினார். வடக்கு ஜெர்மனியில் இருக்கிறதாம். அவரே கையால் விலாசம் எழுதி அந்த ஊர்ச் சபைக்கு அனுப்பினார்.

பல மாதம் கழித்துப் பதில் வந்தபோது நைனாவுக்கு உறையைப் பிரிக்கத் தைரியமில்லை. அப்படியே நர்சம்மாவிடம் கொண்டுபோனார்; அவர் வாசித்துச் சொன்னார். தாத்தா ஊர் திரும்பிய சில காலத்திலேயே ஜுரத்தில் இறந்துவிட்டார். பெரியப்பா உயிரோடிருந்தார், தச்சராக. அவரும் வளர்ந்த நாள் முதல் "மெட்ராஸ், புட்டூர்" என்று கடிதம் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். ஒன்று மங்களூர்ப் பக்கத்துப் புத்தூருக்குப் போயிருக்கிறது. ஒன்று திருச்சிக்குப் போய்த் திரும்பியிருக்கிறது.

பிறகு நர்சம்மா மூலம் கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. பெரியப்பா கப்பலுக்குச் சீட்டு வாங்கினார். அவர் கப்பலேறிய பிறகு நைனாவுக்கு நெஞ்சுவலி கண்டு திருப்பதியில் சேர்த்தோம். படுக்கையிலும் அதே கவலைதான். "மெட்ராஸ்ல இறங்கிப் புத்தூர்னு கேட்டா வேற எங்கியாவது ஏத்தி விட்டுடுவாங்களேம்மா. ரேணிகுண்டா போற வண்டின்னு எழுதினியா?"

"எழுதிட்டேன் நைனா."

"தெளிவா எழுதினியா?"

அதுவே என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு.

அடக்கம் முடிந்த மறுவாரம், பெரியப்பாவை எதிர்பார்த்து அம்மாவும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். இறங்கியவரின் நடையே நைனாவின் நடை. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா எங்களைத் தாண்டி யாரையோ தேடினார். "தம்பி?" என்றார். நாலு வயதில் கொண்டுபோன தமிழில் அந்த ஒரு சொல்தான் அவரிடம் மிஞ்சியிருந்தது. கையைப் பிடித்துக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனோம்.

திருப்பதியில் இராப்பகலாகப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், நைனாவை வீடு கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கும், குழி வெட்டிய பழைய மாணவர்களுக்கும், எங்களுக்கு உலை வைத்துப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், நர்சம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுள்ளது.

இன்னும் ஓர் உதவி கேட்கிறோம். முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்தான் எங்கள் பெரியப்பா. பக்கத்தில் நர்சம்மா இருக்கிறார், எடுத்துச் சொல்வார். தமிழோ தெலுங்கோ, வருகிற மொழியில் நைனாவைப் பற்றி அவரிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போங்கள். தம்பி எப்படிப்பட்டவர் என்று அவருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.