காலி வீடு என்று நான் டைப் செய்த வரி

1. கரண்ட் போன மத்தியானம்

டேப்பின் ஒரு முனையை ஏழுமலை பிடித்திருந்தார், மறுமுனை என் கையில். முன்கட்டில் அவருடைய விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் அளவைக் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது. சட்டென்று கரண்ட் போனது. தறிகள் நின்றன. காது அடைத்துப்போன அந்த அமைதியில், நடுச்சுவருக்கு அப்பால், பூட்டிக் கிடந்த பின்கட்டில் கைத்தறி ஓடும் சத்தம் கேட்டது. அடுத்தடுத்து இரண்டு அடி, ஓர் இடைவெளி, மறுபடி ஓர் அடி. பிறகு அதுவும் நின்றது.

"உள்ளே யாருங்க?"

"யாருமில்ல மேடம். பூனை கீனை ஓடும். நீங்க எழுதிக்குங்க."

சொல்லிவிட்டு, டேப் முனையை விட்டு வாசல் பக்கம் நடந்தார்.

நான் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரியில் ஒரு பத்திர எழுத்தர் ஆபீசில் வேலை செய்கிறேன். டிகிரி முடித்து நேராக இங்கே வந்தவள். கூட்டு வீட்டில் ஒருவர் பாகத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்ளும் ரிலீஸ் டீட்தான் எனக்குப் பிடித்த வேலை. மாடல் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பெயரையும் எல்லைகளையும் மாற்றினால் முடிந்தது. ஒரு டீ ஆறுவதற்குள் டைப் செய்து காட்டுவேன்.

இந்த வீடு ஏழுமலையின் அப்பா கட்டியது. முன்கட்டில் மூத்தவர் ஏழுமலை, பின்கட்டில் தம்பி குமார். குமார் கைத்தறியை விடாதவர். காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை இல்லை, அவர் பாகம் மனைவி வசந்தாவுக்கு வந்தது. வசந்தா பின்கட்டைப் பூட்டிக்கொண்டு ஸ்ரீ சிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். நடுச்சுவரை இடித்து இன்னும் தறி போட ஏழுமலைக்கு அந்தப் பாகம் வேண்டும். கம்பெனிக்குப் பக்கத்தில் வரதய்யபாளையத்தில் தனக்கென்று ஒரு சின்ன வீடு வாங்க வசந்தாவுக்குப் பணம் வேண்டும். இரண்டு பேருக்கும் அவசரம். எனக்கு அதைவிட அவசரம்.

"லோபல சூசாவா?" என்றார் எங்கள் ரைட்டர், உள்ளே பார்த்தாயா என்று.

"பூட்டியிருக்கு சார். வெளியே அளந்துட்டேன். காலி வீடுதான்."

அதற்குள் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது.

2. பின்கட்டு

பத்திரம் தெலுங்கில் இருக்கும். அதனால் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்னால் வீட்டுக்கே போய்த் தமிழில் படித்துக் காட்டுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். வசந்தா ஷிப்ட் முடிந்து, கழுத்தில் கம்பெனி அட்டையோடு நேராக வந்திருந்தார். பூட்டு துரு ஏறிப்போய், எண்ணெய் விட்ட பிறகுதான் திறந்தது. ஏழுமலை வாசற்படியைத் தாண்டவில்லை.

தரை முழுக்கத் தூசி. எங்கள் காலடிகள்தான் அதில் முதல் தடம். வசந்தா நேராகத் தறியிடம் போய்க் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"மாமா, நீ உள்ள வந்தியா?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

"நான் எப்பிடி வருவேன்? சாவி உங்கிட்டதானே கீது."

"அவரு கடைசியா நெய்ஞ்சி உட்ட எடத்துல மஞ்சள் வச்சிட்டுப் போனேன். இங்க பாரு."

மஞ்சள் பொட்டைத் தாண்டி ஒரு சாண் துணி புதிதாக இருந்தது.

நான் படித்தவள் அல்லவா, உடனே துப்பறியக் கிளம்பினேன். ஜன்னல் கம்பிகள் சரியாக இருந்தன. கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை. வேறு வாசல் கிடையாது. கடைசியாகத் தறிக்குழியில் டார்ச் அடித்தேன். வீடெல்லாம் தூசி படிந்திருக்க, கால் வைத்து அழுத்தும் மிதிக்கட்டைகள் மட்டும் துடைத்தது போல இருந்தன. டார்ச்சை அணைத்துவிட்டு, அளக்க வந்த அன்று கேட்ட தறிச் சத்தத்தை வசந்தாவிடம் சொன்னேன்.

"அன்னிக்கி சத்தம் கேட்டதுன்னியே பாப்பா, எப்பிடிக் கேட்டுச்சி?"

சுவரில் தட்டிக் காட்டினேன். இரண்டு, இடைவெளி, ஒன்று.

வசந்தாவும் சுவரில் அதையே தட்டிப் பார்த்தார். "அவரு கைதான்."

தறியில் ஏற்றிய பாவு நூல் நெய்து முடியுமுன் நெய்கிறவர் இறந்துபோனால், அவர் ரத்த உறவில் ஒருவர் உட்கார்ந்து மிச்சத்தை நெய்து அறுத்து இறக்கவேண்டும் என்பது அந்தத் தெருவில் ஒரு முறை. குமார் இறப்பதற்கு முன்பே அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோயிருந்தது. ஏழுமலை உட்காரவில்லை.

"ஒரு லுங்கித் துணி, அது கெடந்தா கெடக்குதுன்னு உட்டுட்டேன்" என்றார் வாசற்படியிலிருந்தே.

"நீ உட்டுட்ட. அவரு உடல."

3. ஒரு சொல்

என் வேலையை முடித்துக்கொண்டு ஓடிவிட நினைத்து வேகமாகப் படித்தேன். "...மேற்படி வீட்டைக் காலியாக இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்."

"நிறுத்து பாப்பா. காலின்னு யாரு சொன்னது?"

"எல்லாப் பத்திரத்துலயும் வர்ற வரிதாங்க."

"எல்லாத்துலயும் வரட்டும். ஆளு உள்ள இருக்கசொல்ல காலின்னு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

இது நின்றுபோனால் வரதய்யபாளையத்து வீடு கைநழுவிவிடும் என்று எடுத்துச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதா? கம்பெனி ஹாஸ்டல்ல ஒரே ரூம்ல ஆறு பேரு முட்டிக்கினு படுக்கறோம். அதுக்காக அவர தெருவுல தள்ளுவேனா?"

அப்போதுதான் ஏழுமலை உள்ளே வந்தார். அந்த ஒரு சாண் துணியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"இவன் எப்பவுமே இப்பிடித்தான். கையில வேலை இருந்தா சோறு துன்னக்கூட எழுந்திரிக்கமாட்டான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்தக் காலிய எடுத்துடுங்க மேடம். அவன் கீறான்னு தெரிஞ்சேதான் நான் வாங்கறேன்."

"அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க."

"எழுதாதீங்க. எனக்குத் தெரிஞ்சா போதும்."

ரைட்டருக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று பார்த்தால், "தீசேய்ம்மா, எடுத்துடு" என்றார். காலி என்ற சொல் இல்லாமல் சுவாதீனம் கொடுத்ததாக வேறு தாள் அடித்தேன். வசந்தா முழுதாகக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்போது அவர் இருப்பது சொந்த வீட்டில்.

அதற்குப் பிறகு, திறந்து பார்க்காத எந்த வீட்டையும் நான் காலி என்று டைப் செய்ததில்லை. வேலை மெதுவாகிவிட்டது என்று ஆபீசில் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும்.

போன மாதம் வேறொரு வீட்டை அளக்க அந்தத் தெருவுக்குப் போனபோது ஏழுமலை எதிரில் வந்தார். பின்கட்டும் அவருடையதாகி வெகுநாள் ஆகிறது.

"என்னங்க, நடுச்சுவரை இன்னும் இடிக்கலையா?"

"அவசரமில்ல மேடம்" என்றார். "இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. நெய்ஞ்சிக்கினு கீறான்."