பழனிக்கு நடந்த அக்கா

தை மாதக் காற்று இன்று மத்தியானம் பின்கதவை அறைந்து சாத்தியது. சாப்பாட்டுத் தட்டெல்லாம் புழுதி. எங்கள் எலப்புள்ளிப் பக்கத்தில் இந்தக் காற்றை அறியாதவர்கள் இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வந்து பனையோலைகளைச் சடசடவென்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு ரங்காத்தாள் அக்காவோடு பழனிக்கு நடந்த நாள்தான் ஞாபகம் வரும்.

அந்த வருஷக் காய்ச்சலில் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அடுத்தடுத்துப் போய்விட்டன. தைப்பூசத்துக்கு நடந்துபோய் இன்னொரு பிள்ளை கேட்டு வரட்டும், இல்லாவிட்டால் வேறு பெண் பார்ப்போம் என்று மச்சான் வீட்டில் சொல்லிவிட்டார்கள். துணைக்கு என்னை அனுப்பினார் அய்யன், எங்கள் அப்பா. நான் அப்போதுதான் தனியாக ஏர் பிடிக்க ஆரம்பித்திருந்தேன். பெரிய ஆள் என்ற நினைப்பு. காவடியை நானே தூக்குவேன் என்று முன்னால் நடந்தேன்.

விடியலில் கோரையாற்றைத் தாண்டியபோது தண்ணீர் கணுக்கால் அளவுதான். கொழிஞ்சாம்பாறை வருவதற்குள் என் வீரமெல்லாம் தீர்ந்தது. எதிர்க்காற்று காவடியைப் பின்னால் தள்ளியது. கண்ணில் மண், குதிகாலில் முள். சொன்னால் சிரிப்பீர்கள், அக்காதான் என்னைப் பனைமரத்தடியில் உட்காரவைத்து முள் எடுத்தாள். பிறகு காவடியையும் வாங்கிக்கொண்டாள். மத்தியானம் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது, சின்னவனுக்குப் புளிச்சோறு என்றால் உயிர் என்றாள். அன்று பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான்.

பொழுது சாயக் கோபாலபுரம் சத்திரத்தை அடைந்தோம். வாசலில் இரண்டு மாட்டுவண்டிகள் நின்றன. பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியும், அவர் சேர்த்த சில குடும்பங்களும். தண்ணீர் எடுக்கப் போன அக்கா அந்தப் பெண்களோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து காவடியை என் பக்கம் சாய்த்துவைத்தாள்.

“நா இவங்களோட போறேன் தம்பி. இன்னொரு புள்ள வேணும்னு கேக்க எனக்கு வாய் வராது. நா பெத்த ரெண்டுந்தான் வேணும். அதுக்குப் பழனிக்குப் போயி என்ன பண்ண?”

அய்யன் வந்து பேசட்டும், பொறு என்றேன். மலைக்காய்ச்சலைச் சொல்லிப் பயமுறுத்தினேன். கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை. அய்யனிடம் என்ன சொல்வது என்று கேட்டபோதுதான் அழுதாள்.

“செத்துட்டாள்னு சொல்லிராத. வேலைக்குப் போயிட்டாள்னு சொல்லு.”

வண்டிகள் பொள்ளாச்சிப் பக்கம் போயின. பிறகு கம்பம் வழியாக மலையேறுவார்களாம். மீதி வழியை நான் தனியாக நடந்தேன். சன்னிதியில் காவடியை இறக்கிவைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பினேன். மச்சான் அந்த வைகாசியிலேயே வேறு கல்யாணம் செய்துகொண்டார். அய்யன் மட்டும், யார் விசாரித்தாலும், மகள் வேலைக்குப் போயிருக்கிறாள் என்பார். அவளிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை.

அய்யன் காலமான பிறகு, மலைக்கு பஸ் ஓடத் தொடங்கியதும், தேடிப் போனேன். தோட்டத்து ஆட்கள் குடியிருந்த பழைய லயங்களை இடித்திருந்தார்கள். வயதான கங்காணி ஒருவர் மட்டும் பாலக்காட்டுப் பக்கத்துப் பெண்ணொருத்தி இருந்ததாகக் கேள்விப்பட்டிருந்தார். எதிர்ச் சரிவைக் கைகாட்டினார்.

“காய்ச்சல்ல போனவுகள அங்கதான் பொதைச்சாக. இப்ப அதுலயும் தேயிலை வச்சாச்சு.”

அக்கா அவர்களில் ஒருத்தியா என்று அவருக்குத் தெரியாது. பெண்கள் கூடையோடு அங்கே கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கல் இல்லை, மேடு இல்லை. ஒரே உயரத்துக்கு வெட்டிவிட்ட செடிகள், வரிசை வரிசையாக. கும்பிடக் கையைத் தூக்கினேன். எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை.